எழுத்து மூலம் கொசுறு

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சக்கரம், சுழியம், அச்சு இயந்திரம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. எல்லோருக்கும் ஒன்றாக இருந்துகொண்டே ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கிற விலை. ஒன்றாகவும் பலவாகவும் இருப்பவர் என்று இதுவரை கடவுளைப் பற்றித்தான் பேசிவந்தார்கள். அந்தத் தத்துவத்தை வீட்டுக்கடன் வட்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய பெருமை, மொடெஸ்டோ நகரத்து 'பார்லி கிரீக் வீட்டுக்கடன் நிறுவன'த்தையே சேரும்.

ஏற்பாடு எளிமையானது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் அன்றைய வட்டியைச் சொல்லும். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. கடன் கேட்டு வந்தவர் வெள்ளையா கறுப்பா, அவருடைய தாத்தா ஸ்வீடனில் கப்பல் ஏறினாரா, அப்பா மெக்ஸிகோவில் பஸ் ஏறினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வருமானம், பழைய கடன்களைக் கட்டிய ஒழுங்கு, வீட்டின் மதிப்பு, அவ்வளவுதான். ஒரே தகுதிக்கு ஒரே வட்டி. இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிட்டால் மனிதன் எதற்கு? ஆகவே, கம்ப்யூட்டர் சொன்னதில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் உரிமையை நிறுவனம் தன் கடன் அலுவலர்களுக்கு வழங்கியிருந்தது. வேறொரு கம்பெனி இதைவிடக் குறைவாகத் தருவதாக எழுதிக் கொடுத்த தாளை வாடிக்கையாளர் கொண்டுவந்தால், அவரைக் கைநழுவ விடாமலிருக்க அரை சதவீதம் வரை குறைக்கலாம். இதன் அலுவல் பெயர் 'போட்டிச் சூழல் நிமித்தச் சிறப்புச் சலுகை'. காய்கறிக் கடையில் இதைக் கொசுறு என்பார்கள். இங்கே பெரிய தொகை புழங்குவதால் பெயரும் பெரிது.

இந்த நிறுவனத்தின் பொக்கிஷம் ரிகோபெர்த்தோ ஸெபேதா. சுருக்கமாக ரிகோ. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் நேரே அவனுடைய மேஜைக்குத்தான் போவார்கள். அவனுடைய நேர்மையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த கெடுதல் எல்லாம் அதனால்தான் நடந்தது. ரிகோ தன் ஜனங்களில் ஒருவருக்குக்கூடக் கொசுறு கொடுத்ததில்லை. கொடுத்தால் 'தன் ஆட்களுக்குச் செய்துகொள்கிறான்' என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது என்பதற்காக, எழுத்து மூலமான தாள் இல்லையென்றால் மூச்சு விடமாட்டான். அவர்களும் தாள் கொண்டுவந்ததில்லை. கொண்டுவரலாம் என்று அவன் சொன்னதும் இல்லை. சொன்னால் அதுவும் சலுகைதானே!

எதிர் மேஜை கிப் லண்ட்குவிஸ்டுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கிப்புக்குத் 'தன் ஆட்கள்' என்று உலகத்தில் யாருமே கிடையாது. தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர், மகனோடு பேஸ்பால் ஆடுகிற பையனின் அப்பா, பாதாம் தோப்புக்காரர், குளிர்காலத்தில் அவனோடு வாத்து சுடப் போகிறவர் எல்லோரும் அவனுக்கு வெறும் வாடிக்கையாளர்கள். அத்தனை பேருக்கும் கொசுறு. போட்டிக் கம்பெனியின் தாள் எங்கே என்று படிவத்தில் கேட்கும் கட்டத்தில் 'வாய்மொழியாகத் தெரிவித்தார்' என்று அழகாக எழுதிவிடுவான்.

இப்படியாகப் பரம சாந்தியோடு நடந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு ஒருநாள் அரசாங்க மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரே வருமானம், ஒரே ஒழுங்கு இருந்தும், ஸ்பானியப் பெயர் உள்ளவர்களும் கறுப்பர்களும் மற்றவர்களைவிட அதிக வட்டி கட்டுகிறார்களே, இது எப்படி? கேள்வி அவ்வளவுதான். மேலாளர் மார்லீன் டெவிரீஸ் உடனே ஒரு குழுவை அமைத்தார். அதன் பெயர் 'நியாய விலைக் குழு'. உறுப்பினர்கள் மார்லீன், கிப், ரிகோ, ஒரு பெட்டி டோனட். வக்கீல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போன் வழியாகக் கலந்துகொண்டார். மேஜை நடுவில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவருடைய குரல் மட்டும் அசரீரியாக ஒலித்தது.

"யாரும் பயப்படாதீங்க," என்று மார்லீன் ஆரம்பித்தார். "நம்ம மேல யாரும் குத்தம் சொல்லல. எண்ணிக்கைதான் சொல்லுது."

"எண்ணிக்கைக்கு என்ன தெரியும்?" என்றான் கிப். அவனுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டிருந்தது. "நான் நிறமே பாக்கறதில்ல, மார்லீன். எனக்கு எல்லாரும் மனுஷங்கதான்."

"சரி. நீ யாருக்கெல்லாம் சலுகை குடுத்த?"

"மனுஷங்களுக்குத்தான்."

"அந்த வாக்கியத்தை எழுதிக்க வேண்டாம்," என்றது அசரீரி.

மார்லீன் ரிகோ பக்கம் திரும்பினார். "ரிகோ, நீ உங்க சமூகத்தோட இதயத் துடிப்பு. நீதான் சொல்லணும். உன் ஆளுங்களுக்கு மட்டும் ஏன் சலுகை போகல?"

ரிகோ மனக்கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் தன்னைச் சொல்லவேண்டும். இல்லையென்றால் கிப்பைச் சொல்லவேண்டும். நடுவில் யாருக்கும் நோகாத ஒரு வழி தெரிந்தது.

"அவங்க கேக்கறதில்ல, மேடம்."

ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவருக்கு ஏற்பட்ட வெளிச்சம் மார்லீன் முகத்தில் ஏற்பட்டது.

"கேக்கறதில்ல!"

"இதை எழுதிக்கலாம்," என்றது அசரீரி.

"அழுத பிள்ளைதான பால் குடிக்கும்," என்றான் கிப், டோனட்டில் கை வைத்தபடி. "பாவம், அழவே தெரியாத ஜனங்க."

அன்றே தீர்மானம் நிறைவேறியது. குறை கடன் கொடுப்பவரிடம் இல்லை. வாங்குபவரின் கூச்சத்தில் இருக்கிறது. கூச்சத்தைப் போக்க இலவச வகுப்பு நடத்தப்படும். தலைப்பு: 'கேட்கப் பழகுவோம்!' இடம்: மாதா கோவில் கூடம். ஆசிரியர்: ரிகோ. வருகிறவர்களுக்கு நிறுவனத்தின் பெயர் பொறித்த பேனா.

அந்தச் சமயத்தில் ரிகோவின் மேஜையில் ஒரு விண்ணப்பம் காத்துக்கொண்டிருந்தது. ரெஃபூகியோ பாரகானுடையது. அந்தப் பெயரைச் சொன்னால் அவளுடைய தபால்காரருக்கே தெரியாது. மரியாதையாகத் தோன்யா கூக்கா என்றால் பாதி நகரத்துக்குத் தெரியும். வாரச் சந்தையில் காய்ந்த மிளகாய், உலர்ந்த இறால், புளி, சப்பாத்திக் கள்ளித் துண்டு விற்கிற கூக்கா. ரிகோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்திய ஞானத்தாயும் அவள்தான். அந்த முறையில் அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. அப்படிப்பட்ட உறவு.

கூக்கா பல வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். நல்ல மனிதர், இந்த மாதக் கடைசி வரைக்கும் உனக்குத்தான் முதல் உரிமை என்று சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் அவளுடைய தகுதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டது. வட்டிதான் கொஞ்சம் இடித்தது. கொசுறு அரை சதவீதம் கிடைத்தால் அவளால் மூச்சு விட்டுக்கொண்டு கட்ட முடியும். கிடைக்காவிட்டால் மாதம் நூறு டாலர் சொச்சம் கூடும். ஞாயிற்றுக்கிழமைக் கடையின் இடத்தை விட்டுவிட வேண்டியதுதான். அந்தக் கடையில்லாமல் வீட்டுக்கடனையே கட்ட முடியாது. இதெல்லாம் ரிகோவுக்குத் தெரியும். தெரிந்தும், விதிப்படி, கம்ப்யூட்டர் சொன்ன வட்டியையே எழுதிவைத்திருந்தான்.

கூக்கா ஏன் என்று கேட்கவில்லை. சந்தையில் மிளகாய் மூட்டைக்காரனிடம் ஒரு டாலருக்காக அவனுடைய மூன்று தலைமுறையையும் இழுத்துவைத்துப் பேசுகிறவள், ரிகோ நீட்டிய விண்ணப்பத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள்.

"படிச்சுப் பாருங்க கொமாத்ரே," என்றான் ரிகோ.

"நீங்க படிச்சீங்கல்ல?"

"படிச்சேன்."

"அப்புறம் எனக்கு எதுக்குக் கண்ணாடி?"

நேர்மையாளனுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வட்டியை மாற்றவில்லை. 'கேட்கட்டும், கேட்டால் பார்க்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வகுப்புக்கு அவளையும் அழைத்தான். கொம்பாத்ரே நடத்தும் வகுப்பில் நாற்காலி காலியாக இருந்தால் அவமானமாயிற்றே என்று அவளும் கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டு வந்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. இனிப்பு ரொட்டியும் காப்பியும் இருந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ரிகோவிடமே ஏற்கெனவே கடன் வாங்கியவர்கள். இந்த விவரம் திட்டமிட்டபோது யாருக்கும் உறைக்கவில்லை. கடைசி வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு கறுப்பர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற புக்கர் டில்லரி. பாதி ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்தான் சாரதி. ரிகோவே அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவன்.

"அழுகிற பிள்ளைக்குத்தான் பால்!" என்று ரிகோ ஆரம்பித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் மொழியிலும் அதே பழமொழி உண்டு. "ஆகவே நண்பர்களே, வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க. கூச்சப்படாதீங்க. இப்ப ஒரு ஒத்திகை பாப்போம். நான் கடன் ஆபீஸர். கொமாத்ரே, நீங்க வாடிக்கையாளர். எங்க, கேளுங்க."

கூக்கா எழுந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள்.

"கேளுங்க கொமாத்ரே."

"என்னத்த?"

"வட்டியைக் குறைங்கன்னு."

"உங்ககிட்டயா?" அவள் முகம் மாறியது. "கொம்பாத்ரேகிட்ட யாராவது பேரம் பேசுவாங்களா? எங்கம்மா குழியிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பா. வெளியாள்கிட்ட பேரம் பேசலாம், அவன் ஏமாத்துவான். கொம்பாத்ரே சரியான விலையைத்தான் சொல்லுவார். கேட்டா, 'நீ என்னை ஏமாத்தறே'ன்னு அர்த்தம். அப்படி ஒரு வார்த்தையை நான் உங்களைப் பாத்துச் சொல்றதா?"

கூடம் முழுக்க 'அதானே' என்றது. ரிகோ காப்பியை எடுத்துக் குடித்தான். கோப்பை காலியாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு கொத்தனார் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். குறைக்கச் சொல்லிக் கேக்கலாம்னா, குறைக்க முடியும்னு அர்த்தம். நான் வாங்கறப்ப, 'இது மெஷின் சொல்ற விலை, எல்லாருக்கும் ஒன்னுதான்'னு சொன்னீங்களே?"

"எங்கிட்டயும் அதான் சொன்னார்," என்றார் இன்னொருவர்.

"என் மச்சானுக்கும்," என்றார் கொத்தனார்.

"கேள்விகளைக் கடைசியில எடுத்துக்கலாம்," என்றான் ரிகோ. அந்தக் கடைசி அன்றைக்கு வரவேயில்லை.

அப்போது புக்கர் டில்லரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பத்தான் எழுந்தார், ஆனால் வாத்தியாருக்கு ஒரு மரியாதைக்காக ஒரு வார்த்தை சொன்னார். "அழுத பிள்ளைக்குப் பால்னு சொல்ற. நான் அழுதேன் தம்பி, உங்க ஆபீஸ்ல, உனக்கு எதிர்த்த மேஜையில. எழுத்து மூலமா அழுங்கன்னாங்க. கூட்டுறவுக் கடன் சங்கத்துலேர்ந்து தாள் வாங்கிட்டு வந்து, எழுத்து மூலமாவும் அழுதேன். அந்தத் தாள் உண்மையான்னு சரிபாக்கணும்னாங்க. அவங்க சரிபாத்துக்கிட்டே இருந்தாங்க, அந்த வட்டிக்கான கெடுத் தேதி போயிடுச்சு, வட்டி ஏறிடுச்சு. அப்புறம் பேசாம அந்தச் சங்கத்துலயே வாங்கிட்டேன். உங்க ரொட்டி நல்லாருக்கு."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ரிகோ மார்லீனின் அறைக்குப் போனான். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் ஆள் ஒருத்திக்காகச் சலுகை கேட்டான். மார்லீன் ஆனந்தத்தோடு விண்ணப்பத்தை வாங்கினார்.

"பாத்தியா, வகுப்பு வேலை செய்யுது! யாரு இந்த அம்மா? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் பொண்ணுக்கு ஞானத்தாய்."

மார்லீனின் கை நின்றது. "சொந்தமா?"

"ரத்த சொந்தம் இல்ல. ஆனா..."

"'ஆனா' வந்துட்டாலே சொந்தம்தான், ரிகோ." அவர் விண்ணப்பத்தைச் சுடுபாத்திரம் மாதிரி கீழே வைத்தார். "அரசாங்கம் நம்மளைக் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துட்டிருக்கு. இந்த நேரத்துல நாமே சொந்தக்காரங்களுக்குச் சலுகை குடுக்கலாமா? கிப்பைப் பாரு. அத்தனை சலுகை குடுத்திருக்கானே, ஒருத்தராவது சொந்தக்காரர் உண்டா? தேவாலயத்துக்காரங்க, பேஸ்பால் அப்பாக்கள், வாத்து சுடப் போறவங்க. சொந்தக்காரர் ஒருத்தர் கிடையாது. அதுதான் ஒழுக்கம்."

ரிகோவின் நாக்கில் ஒரு கேள்வி வந்து நின்றது. விழுங்கிவிட்டான்.

"கவலைப்படாதே. இந்த ஃபைலை கிப்கிட்ட குடுத்துடறேன். பாரபட்சமில்லாத கை. அந்தம்மாவுக்கும் நியாயம் கிடைக்கும், உனக்கும் பேர் கெடாது."

வெள்ளிக்கிழமை கூக்கா வந்தாள். ரிகோ மேஜையைத் தாண்டிக் கிப்பின் மேஜைக்குப் போகும்போது ஒருமுறை அவனைப் பார்த்துச் சிரித்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். கிப் எழுந்து நின்று கைகுலுக்கி, தனக்குத் தெரிந்த இரண்டு ஸ்பானிஷ் வார்த்தைகளையும் உடனே செலவழித்துவிட்டான். மனிதன் தங்கமானவன், அதில் சந்தேகமே வேண்டாம்.

கிப் கொம்பாத்ரே அல்ல. வெளியாள். ஆகவே கூக்காவுக்கு எந்தத் தடையும் இல்லை. கைப்பையைத் தரையில் வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, சந்தைப் பேரத்தை ஆரம்பித்தாள்.

"இந்த வட்டி ஜாஸ்தி. அரை சதவீதம் குறைங்க."

"அது கம்ப்யூட்டர் சொல்றதும்மா."

"கம்ப்யூட்டர் கிடக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

கிப் சிரித்தான். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான். "நான் சொல்றதுக்கு ஒரு விதி இருக்கும்மா. வேற கம்பெனி குறைச்சுத் தர்றதா எழுத்து மூலமா..."

அவனுடைய போன் அடித்தது. "ஒரு நிமிஷம், மன்னிச்சுக்கோங்க," என்று எடுத்தான். முகம் மலர்ந்தது. "கேரி! நானே கூப்பிடணும்னு இருந்தேன்யா. உன் வட்டியில அரை சதவீதம் குறைச்சுட்டேன். ... சேச்சே, நீ எங்க கேட்ட? நீ கேக்கமாட்டேன்னு தெரியும். நானேதான் போட்டேன். ... தாளா? என்ன தாளு, உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியாதா? ஞாயித்துக்கிழமை பாப்போம். நாயைக் கூட்டிட்டு வா, வாத்து நெறைய இறங்கியிருக்காம்."

போனை வைத்தான். "எங்க விட்டோம்? ஆங், எழுத்து மூலமான தாள். கொண்டு வந்திருக்கீங்களாம்மா?"

கூக்கா இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் கடை வைத்திருப்பவள். பேரம் தவிர வேறெதற்கும் இங்கிலீஷ் பேசத்தான் தயங்குவாள். காதில் விழுவதற்குத் தயக்கம் கிடையாது. கிப்பின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. குனிந்து கைப்பையை எடுத்தாள். எழுந்து நடந்தாள்.

சந்தையில் இதற்கு ஒரு முறை உண்டு. பேரம் படியவில்லையென்றால் வாங்குகிறவர் எழுந்து நடப்பார். வேகமாக நடக்கக்கூடாது. திரும்பியும் பார்க்கக்கூடாது. கடைக்காரர் மனசு இறங்கி, 'சரி, வாங்கம்மா, வந்து எடுத்துக்கோங்க' என்று கூப்பிடுவார். கூப்பிடாத கடைக்காரர் உலகத்தில் கிடையாது. கிப்புக்கு இந்த முறை தெரியாது. அவன் வாழ்நாளில் பேரம் பேசியதேயில்லை, கொடுத்தே பழகியவன். 'சுமுகமாக முடிந்தது' என்று நினைத்து, ஃபைலில் 'வாடிக்கையாளர் யோசித்துச் சொல்வதாகச் சென்றார்' என்று எழுதினான்.

ரிகோவுக்குத் தெரியும். சந்தையில் அப்பாவின் தர்ப்பூசணிக் கூடைக்குப் பின்னால் நின்று வளர்ந்தவன் அவன். கூக்கா அவனுடைய மேஜையருகே வந்தபோது இன்னும் மெதுவாக நடந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவ்வளவு மெதுவாக. கூப்பிட வேண்டியவன் கிப் இல்லை, தான்தான் என்று ரிகோவுக்குப் புரிந்தது. 'கொமாத்ரே, இருங்க' என்று ஒரு வார்த்தை. அப்புறம் மார்லீன் அறைக்குப் போய், நாக்கில் நின்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும்.

அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். அது அன்றைய வட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது.

கதவு மூடிக்கொண்டது.

மாதக் கடைசிக்குள் கூக்கா வீட்டை வாங்கிவிட்டாள். புக்கர் டில்லரி அவளைத் தன் காரிலேயே கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அழைத்துப் போனாராம். அங்கே கம்ப்யூட்டர் சொன்ன வட்டி எல்லோருக்கும் ஒன்று, அது பார்லி கிரீக்கின் கொசுறுக்குப் பிந்திய வட்டிக்குச் சமம், அதில் கொசுறும் கிடையாது, வாத்தும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கடை பிழைத்தது. இந்தச் செய்தி மாதா கோவில் கூடத்தில் பேனா வாங்கிய அத்தனை பேர் காதுக்கும் போயிற்று. கொத்தனார் போனார், மச்சானை அழைத்துக்கொண்டு போனார், பழைய கடனை அங்கே மாற்றிக்கொண்டார். மற்றவர்களும் வரிசையாகப் போனார்கள். ரிகோவின் மேஜைக்கு முன்னாலிருந்த நாற்காலியை யாரோ மீட்டிங் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆண்டு முடிவில் நியாய விலைக் குழு தன் கணக்கைப் பார்த்துப் பரவசம் அடைந்தது. அவ்வருஷத்தின் பின்பாதியில் பார்லி கிரீக்கில் கடன் வாங்கியவர்களில், ஸ்பானியப் பெயர் உள்ள ஒருவர்கூட மற்றவர்களைவிட ஒரு சதம் அதிக வட்டி கட்டவில்லை. கறுப்பர் ஒருவர்கூடக் கட்டவில்லை. வித்தியாசம் சுத்தமாக ஒழிந்துவிட்டது. அவர்களில் ஒருவரும் கடனே வாங்கவில்லை என்பது அதன் காரணம். ஆனால் கணக்கில் காரணம் போடுவதற்குக் கட்டம் இல்லை. 'கேட்கப் பழகுவோம்!' வகுப்பின் மாபெரும் வெற்றியைப் பாராட்டி ரிகோவுக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம் வழங்கப்பட்டது. மார்லீன் கண்கலங்கினார். கிப் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். அசரீரியும் வாழ்த்துத் தெரிவித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிகோ சந்தைக்குப் போனான். மகளுடைய பிறந்தநாளுக்கு மோலே என்கிற மிளகாய்க் குழம்பு செய்யவேண்டும். மோலேக்கு மிளகாய் வேண்டும். மிளகாய் என்றால் கூக்காவின் கடைதான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"வாங்க கொம்பாத்ரே," என்றாள் கூக்கா, நேற்றுத்தான் பார்த்ததுபோல. முதலில் மகளுக்காக ஒரு பை நிறையப் புளி மிட்டாய் அள்ளிப் போட்டுக் கட்டினாள். "இது என் ஞானமகளுக்கு. இதுக்கு விலை இல்ல. உங்களுக்கு என்ன வேணும்?"

அவன் மிளகாய் கேட்டான். அவள் தராசில் வைத்தாள். முள் நடுவில் வந்து நின்றதும் கையை எடுத்துவிட்டாள். இத்தனை வருஷமாக அந்த முள் நின்ற பிறகு ஒரு கை மிளகாயை அள்ளி மேலே போடுவது அவள் வழக்கம். இன்றைக்குப் போடவில்லை. ரிகோ பணத்தைக் கொடுத்துவிட்டு நின்றான். போகவும் முடியவில்லை.

பின்னால் வரிசையில் நின்ற, நாய்க்குட்டியைக் கையில் பிடித்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் முன்னால் வந்தாள். கூக்கா அவளுக்கு மிளகாய் நிறுத்தாள். நிறுத்துவிட்டு, அவள் கேட்காமலேயே, ஒரு கை அள்ளிப் போட்டாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு கையும் போட்டாள். அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ரிகோ தொண்டையைச் செருமினான். "கொமாத்ரே. எனக்குக் கொசுறு?"

"கேட்டுட்டீங்களே!" கூக்கா உண்மையாகவே சந்தோஷப்பட்டதுபோல் இருந்தது. "வகுப்பு நல்லா வேலை செய்யுது. தாராளமாத் தர்றேன் கொம்பாத்ரே. பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கொசுறு தர்றார்னு எழுத்து மூலமா வாங்கிட்டு வாங்க. சரிபாத்துட்டுச் சொல்றேன்."

ரிகோவின் முகம் சிவந்தது. வருஷம் முழுக்க விழுங்கிவைத்திருந்தது, எந்த அறையில் வரவேண்டுமோ அங்கே வராதது, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே இப்போது வாயை மீறி வந்துவிட்டது.

"அந்தம்மா மட்டும் எழுத்து மூலமா கொண்டு வந்தாங்களா?"

கூக்கா தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இந்தக் கேள்வியை ஆபீஸ்ல கேட்டிருக்கணும், கொம்பாத்ரே."